இன்னொரு போத்தல் அனுப்பாதே

கூலாய், ஜொகூர், மலேசியா

அன்பு மகள் லோஷினிக்கு அம்மா எழுதிக்கிறது. இங்க நானும் அப்பாவும் உசுரோட சுகமா இருக்கோம், அந்த அயர்லாந்துக் குளிர்ல நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நல்லா இருக்கணும்னுதான் விளக்கேத்துறப்பல்லாம் கேட்டுக்கிறேன். வாட்ஸ்அப் இருக்கிறப்ப அம்மாவுக்கு என்னா வந்துச்சு, தபால்ல எழுதுறாங்களேன்னு நினைப்பே. என் போன்ல வர்றது போறது எல்லாத்தையும் உங்கப்பா கண்ணாடி மாட்டிக்கிட்டுத் திறந்து பார்க்கிறாரு. பேசலாம்னா இந்த வீட்ல எந்த மூலையில நின்னாலும் அவருக்குக் கேட்டுடுது. அதனாலதான் பேப்பர்ல எழுதுறேன். படிச்சிட்டு நான் சொல்றபடி செய், எதிர்க்கேள்வி கேட்காத.

அப்பாவுக்குக் கால் மரத்துப் போகுதுன்னு சொன்னதுக்கு, அங்கேர்ந்து தீபாவளிக்கு வந்த பிரேமலா மகள்கிட்ட வைட்டமின் பி போத்தல் குடுத்து விட்டியே, அதான் இப்ப பிரச்சினை. நீ நல்லதுக்குத்தான் அனுப்பின. காலையில ஒண்ணே ஒண்ணுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்ன, அவரு காதுல ஏறினாத்தானே. விடியிறதுக்கு முந்தியே பேக்டரி பஸ்ஸை எடுக்கணும், பசியாற எனக்கு ஏது நேரம்னு ராத்திரி சோறு தின்னுட்டுப் போட ஆரம்பிச்சாரு. அப்புறம் வந்துச்சு பாரு கனவு. படுத்தா கட்டை மாதிரி கிடக்கிறவரு, எழுந்ததும் சினிமா பார்த்த மாதிரி கதை சொல்றாரு. ஒருநாள் யானை செம்பனைத் தோட்டத்துக்குள்ள பூந்து வந்து பஸ் கண்ணாடியை மோந்து பார்த்துச்சாம். ஆளுங்களை இறக்கி விட்டுட்டு வந்து அதை வீரமுத்து அண்ணன் ஒட்டுக்கடையில சொல்லியிருக்காரு. பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் கனவுப் புத்தகத்துல யானைக்கு என்னா நம்பர்னு பார்த்து லாட்டரி எடுத்தாரு, ஆறுதல் பரிசு அடிச்சிருச்சு. அலமாக், அன்னையிலேர்ந்து உங்கப்பா பெரிய சாமியாராயிட்டாரு. செல்லப்பா, ராத்திரி என்னா பார்த்தேன்னு கேட்டு கடையே அவரு வாயைப் பார்க்குது. தே தாரே டீக்கு வீரமுத்து அண்ணன் காசே வாங்குறதில்லை. நம்பர் குலுக்குற நாளுக்கு முந்தின ராத்திரி கனவு இன்னும் பளிச்சுனு வரட்டும்னு ரெண்டு மூணுன்னு முழுங்கியிருக்காரு மனுஷன். போத்தல் என்னாடா இவ்வளவு சீக்கிரம் குறையுதுன்னு நான் நினைச்சேனே தவிர, இந்தக் கூத்து எனக்குத் தெரியாது.

சிரிக்காத பாப்பா, சிரிக்கிற விஷயம் இல்லை. கனவு கூடினா தூக்கம் எங்க இருக்கும், ராத்திரி பூரா புரள்றாரு, பேசுறாரு, காலையில கண்ணு ரெண்டும் கோவைப்பழம். போன வாரம் பண்டார் தெங்காராவுல ஆளுங்களை ஏத்திக்கிட்டு செனாய் பேக்டரிக்குப் போற வழியில கண்ணு அசந்துட்டாரு. பஸ் ரோட்டை விட்டுப் புல்லுல இறங்கிருச்சு. முன்னால உட்கார்ந்திருந்த காளியம்மா தோளைப் பிடிச்சு உலுக்கலைன்னா அந்த பஸ்ஸுல இருந்த அத்தனை பேரு குடும்பத்துக்கும் நான் என்னா பதில் சொல்றது. வீட்ல வந்து டயர் பஞ்சர்னு சொல்லிட்டு சாதாரணமா சாப்பிட்டுப் படுத்துட்டாரு. கோயில்ல காளியம்மா சொல்லித்தான் தெரிஞ்சுச்சு.

மறுநாளே கிளினிக்குக்கு இழுத்துட்டுப் போனேன். அந்த மாத்திரையில இருக்கிற பி6 கூடிப்போனா சில பேருக்குக் கனவு தெளிவா வரலாம், தூக்கம் கெடலாம், எல்லாருக்கும் அப்படின்னு சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொன்னாரு. அளவுக்கு மீறி ரொம்ப நாள் போட்டா அந்த மாத்திரையே காலை மரக்கடிக்குமாம், கேட்டியா கதையை. ரத்தம் எடுத்திருக்காங்க, அது வர்ற வரைக்கும் தான் எழுதிக் குடுக்காத எதையும் தொடக் கூடாதுன்னுட்டாரு. வந்ததும் போத்தலைக் கொட்டிக் கழுவி வெளிய போட்டேன். டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் இவரு பஸ்ஸைத் தொடக் கூடாதுன்னு கம்பெனி முதலாளிகிட்டயும் நானே போய்ப் பேசிட்டேன், இப்ப வசந்தன் தான் ஓட்டுறான். நம்பர் கேட்டு வாசல்ல வந்து நின்ன கூட்டத்தையும் விரட்டிட்டேன். உங்கப்பா எனக்கு முகம் குடுத்துப் பேசலை. பேசாட்டி போகட்டும், ஆளு இருந்தாப் போதும்.

ஆனா நேத்து சாமான் வாங்கப் போனா, பார்மசியில அதே மாத்திரை டப்பாவைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறாரு. எனக்கு வந்த கோவத்துக்கு, நம்பர் பைத்தியம் பிடிச்சிருச்சா உங்களுக்குன்னு நடுக்கடையில கேட்டுட்டேன். டப்பாவைத் திருப்பி வெச்சுட்டு வந்தாரு. காருல ஏறி உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாரு. “நம்பர் கிடக்குது சந்திரா. அதைப் போட்டாத்தான் பாப்பா வருது. ஸ்கூல் பஸ்ஸுல முன் சீட்டுல உட்கார்ந்து, பள்ளிக்கூடம் வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே வருது.” அந்தக் கனவை அவரு ஒட்டுக்கடையில யாருகிட்டயும் சொல்லலை பாப்பா. எனக்கு அழுகை வந்துருச்சு. அதுக்காக மாத்திரை வாங்கிக் குடுத்துருவேன்னு நினைக்காத.

நீ போன் பண்ணா அவரு என்னா பேசுறாரு, சாப்பிட்டியா, இந்தா அம்மாகிட்ட பேசுன்னு நீட்டிடுவாரு, அப்புறம் கதவோரமா நின்னு நாம பேசுறதைக் கேட்டுக்கிட்டிருப்பாரு. இனிமே அது நடக்காது. ஞாயித்துக்கிழமை சாயந்தரம், உனக்கு அங்க காலையா இருக்கும், அவரு போனுக்கு அடி. என்கிட்ட நீட்டினா கையில மாவுன்னு சொல்லிருவேன், அதுக்கும் அசையலைன்னா வாசல் செடிக்குத் தண்ணி ஊத்தப் போயிருவேன். அவரு பேசத் தெரியாம முழிப்பாரு, நீ விட்டுறாத. சின்னதுல அவரு ஓட்டின ஸ்கூல் பஸ்ஸுல பேசுவியே, டீச்சர் திட்டினது, கேண்டீன்ல தின்னதுன்னு ஒண்ணு விடாம, அந்த மாதிரி பேசு. நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக் கதை இல்லையா உங்கிட்ட, அதைச் சொல்லு. அடுத்த தீபாவளிக்கு லீவை இப்பவே கேட்டு வை, நீ வராமலே ரெண்டு தீபாவளி போயிருச்சு. நீயும் நைட் ஷிப்ட் முடிச்சுட்டுக் கண்ட மாத்திரையை வாயில போடாத லா, ரசம் வெச்சுக் குடிச்சுட்டுப் படு.

மாரியாயி உன் கூடவே இருப்பா, நோய் நொடி இல்லாம நிறைஞ்ச ஆயுசோட இரு கண்ணு. ஒண்ணு மட்டும் மறக்காத. கால் இன்னும் மரக்குது, இன்னொரு போத்தல் அனுப்புன்னு அவரு உனக்குத் தனியா மெசேஜ் போடுவாரு. அனுப்பாத. அன்னைக்கே அவரு போனுக்கு அடி. அடிச்சுக்கிட்டே இருந்தாலும் நான் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
செ. சந்திரமதி