மூன்று குளிர்காலம் தேடிய விறகடுப்பு

இன்று காலை விறகு வந்து இறங்கியது. காய்ந்த ஓக் கட்டைகளை கராஜ் வாசலில் கொட்டிவிட்டு டிரக்காரர் போய்விட்டார். வீடு முழுக்க மரவாசனை. உனக்குப் பிடித்திருக்கும். பிடித்தாலும் முதலில், "இத்தனையும் யாரு அடுக்குவா?" என்று கேட்டிருப்பாய். நான்தான் அடுக்கினேன், பாதி வரைக்கும். மீதிக்கு இடுப்பு ஒத்துழைக்கவில்லை.

பனிப்புயலில் இரண்டு நாள் கரண்ட் போனதே, அப்போதுதான் நீ முதலில் கேட்டாய். ஹீட்டர் நின்றுபோய், டிரைவ்வேயில் காரை ஓடவிட்டு, அதற்குள் கம்பளியோடு உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டோம். இந்தப் பிரிட்ஜ்வாட்டர் ஊரில் நம் தெருவே செத்துக் கிடக்க, எதிர்வீட்டுப் புகைபோக்கியில் மட்டும் புகை வந்துகொண்டிருந்தது. "நாமளும் ஒரு விறகடுப்பு வாங்கிப் போடலாமே. நான் பாட்டுக்கு அதுகிட்ட உக்காந்துக்கறேன்" என்றாய். உனக்குச் சிகிச்சை ஆரம்பித்த வருடம் அது. எத்தனை ஸ்வெட்டர் போட்டாலும் குளிர் உன்னை விடவில்லை.

நான் இன்ஜினியர் ஆயிற்றே, சும்மா வாங்கிவிட முடியுமா? வார்ப்பிரும்பா, எஃகா, எவ்வளவு பெரியது, எத்தனை மணி நேரம் எரியும் என்று எக்செல் ஷீட் ஆரம்பித்தேன். பதினேழு மாடல், ஒவ்வொன்றுக்கும் மார்க். எங்கேயோ இருக்கிற ஒருவன் கைப்பிடி சுடுகிறது என்று ரிவ்யூ எழுதிவிட்டால் போதும், மொத்தக் கணக்கையும் முதலிலிருந்து போடுவேன்.

கோடையில் கடைக்காரர்கள் விலையைக் குறைத்தார்கள். ஆடி மாதத்தில் யாராவது வாங்குவார்களா என்றேன். டிசம்பர் கடைசியில் பனி கொட்டியபோது, மார்கழியில் புதிதாக எதையும் வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்றேன். நீ வாய்விட்டுச் சிரித்தாய். "கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனா பார்க்கிங் லாட்லயே உக்காந்து போன் பாக்கற மனுஷன், இப்ப மார்கழி பாக்கறாரு!" தை பிறந்தால் வழி பிறக்கும் என்று சமாளித்தேன். தை பிறந்தது. அடுப்பு பொருத்தும் ஆட்களுக்கு மார்ச் வரை நேரமில்லை. மார்ச்சில் குளிரே போய்விடுமே, இப்போது எதற்கு என்று நானே தள்ளிவைத்தேன். எனக்கு ஆடியும் இல்லை, மார்கழியும் இல்லை. முடிவெடுக்கத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். இப்படியே மூன்று குளிர்காலம் போயிற்று.

கடைசிக் குளிர்காலத்தில் நீ கேட்பதையே நிறுத்திவிட்டாய். ஒரே ஒரு நாள், சோபாவில் போர்வைக்குள் சுருண்டபடி, "என்னங்க, அடுப்பு எலெக்‌ஷன்ல யாரு லீடிங்?" என்றாய். நானும் அசடு மாதிரி மூன்றாவதும் ஒன்பதாவதும் சமமாக இருப்பதாக விளக்கிக்கொண்டிருந்தேன். மாசியில் நீ போய்விட்டாய்.

இந்த வருடம் குளிர் தொடங்கியதும் நம் பெண்தான் போனில் கத்தினாள். "அப்பா, ஜஸ்ட் பிக் ஒன்!" போனேன். ஷீட்டை எடுத்துப் போகவில்லை. எந்த அறையில் உட்காருவீர்கள், வீட்டில் எத்தனை பேர் என்று கடைக்காரப் பெண்மணி கேட்டார். ஹால், ஒருத்தர் என்றேன். ஓரத்தில் இருந்த சின்ன அடுப்பைக் காட்டினார். பெரியதை வாங்கினால் காற்றை அடைத்து அடைத்து எரிக்க வேண்டும், புகைபோக்கியில் கரி படியும், இது போதும் என்றார். சரி என்றேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பர்மிட், ஆள் எல்லாம் அவர்களே பார்த்துக்கொண்டு, போன வாரம் வந்து பொருத்திவிட்டுப் போனார்கள். நடு மார்கழியில். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

இன்று சாயங்காலம் பற்றவைத்தேன். அரை மணியில் ஹால் முழுக்கச் சூடு பரவி, போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியதாயிற்று. நல்ல சூடு. அதுதான் தாங்கவில்லை. அடுப்பை எரியவிட்டு, எழுந்துபோய் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன்.

தப்பான அடுப்பை வாங்கிவிடுவேனோ என்றுதான் அத்தனை நாளும் பயந்தேன். இனி நான் சாகிறவரை சுமக்கப்போவது ஒன்றே ஒன்று. அந்தப் பதினேழில் எதை வாங்கியிருந்தாலும் உனக்குக் குளிர்ந்திருக்காது.