ஆறாம் நிலையில் சுடுவதை நிறுத்தச் சொன்ன போட்டியாளருக்கு விதித்த தண்டனையை நீக்கக் கோரி

அனுப்புநர்
தாமரை ரவிசங்கர்,
துப்பாக்கிப் பிரிவு உறுப்பினர்,
அல் நஹ்தா, ஷார்ஜா.

பெறுநர்
திரு. முத்துராமன் அவர்கள்,
தலைவர், மேல்முறையீட்டுக் குழு,
கீழைக்கரைத் தமிழர் விளையாட்டு மன்றம்,
ஷார்ஜா.

பொருள்: 12.01.2025 ஞாயிறன்று ராஸ் அல் கைமா மலையடிவாரத்தில் நடந்த களத் துப்பாக்கிப் போட்டியின் முடிவை மறுபரிசீலனை செய்யவும், தொழிலாளர் ஒருவர் மீது மன்றம் அளித்த புகாரைத் திரும்பப் பெறவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேற்படி போட்டியில் மகளிர் பிரிவில் முதலிடம் பெற்றதாக அறிவிக்கப்பட்டவள் நான். அந்த அறிவிப்பை எதிர்த்தே இம்மனுவை எழுதுகிறேன்.

1. அன்று என்னுடன் ஒரே அணியில் சுட்டவர் திருமதி ரஹீமா பீவி. அஜ்மானில் மருந்தாளுநராகப் பணிபுரிகிறார். அணியினர் மலையடிவாரத்தில் நிலை நிலையாக நடந்துசென்று, எதிர்ச் சரிவில் நிறுத்தியிருக்கும் இரும்புத் தட்டுகளைக் குறித்த நேரத்துக்குள் சுட்டு வீழ்த்த வேண்டும். ஐந்தாம் நிலை முடிந்தபோது அவர் எனக்கு முன்னிலையில் இருந்தார்.

2. ஆறாம் நிலையில் மண்டியிட்டுச் சுட வேண்டும். ஐந்து தட்டுகளில் மூன்றை அவர் வீழ்த்தியிருந்தார். நான்காவதற்குக் குறி வைத்தவர் சட்டென்று தலையை உயர்த்தி, "நிறுத்துங்க! மேல ஆளு இருக்கு!" என்று சத்தமிட்டார். தட்டுக்குச் சற்று மேலே பெரிய பாறை ஒன்று இருக்கிறது. அங்கே ஏதோ அசைந்ததாகச் சொன்னார்.

3. அந்த நிலையின் பொறுப்பாளர் திரு. அருள்முருகன், "ஆடா இருக்கும். யல்லா மேடம், டைம் போவுது" என்று அவசரப்படுத்தினார். ரஹீமா பீவி சுடவில்லை. தோட்டாக்களை வெளியே எடுத்து, துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து நின்றுகொண்டார். திரு. அருள்முருகன் தொலைநோக்கியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதே பாறைக்குப் பின்னாலிருந்து ஒருவர் வெளியே வந்தார். கல்குவாரித் தூசியின் நிறத்திலேயே அவருடைய சீருடை இருந்தது.

4. வந்தவர் பெயர் மாயாண்டி. முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர். தட்டுகள் நிற்கும் மேட்டுக்கு அந்தப் பக்கமுள்ள குவாரியில் வேலை செய்கிறார். ஞாயிறு விடுமுறையில் அங்குள்ள தொழிலாளர் கேம்ப் ஆட்கள் கிரிக்கெட் ஆடியிருக்கிறார்கள். பந்து மேட்டைத் தாண்டி விழுந்ததால் எடுக்க வந்திருக்கிறார். அத்துமீறி நுழைந்ததற்காகத் தன்னைத்தான் கூப்பிடுகிறோம் என்று நினைத்து, கையில் பந்துடன் கீழே இறங்கி வந்து, "சார், பந்து எடுக்கத்தான் வந்தேன். கேம்ப்ல சொல்லிறாதீங்க" என்றார். தாம் எந்த இடத்தில் நின்றிருந்தார் என்பது அவருக்கு அப்போது தெரியாது. பின்னர் ரஹீமா பீவி விளக்கியபோது அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் தண்ணீர் கொடுத்தோம்.

5. மேட்டின் மறுபுறம் இருக்க வேண்டிய எச்சரிக்கைச் சிவப்புக் கொடி காற்றில் சாய்ந்து கிடந்தது. அப்பக்கம் காவலுக்கு ஆளும் இல்லை. பிறகு திரு. அருள்முருகனே ஏறிப்போய்க் கற்களை அடுக்கிக் கொடியை நட்டார். அவர் மீது எனக்குத் தனிப்பட்ட குறை ஏதுமில்லை. விடிந்ததிலிருந்து வெயிலில் நின்று, ஊதியமின்றித் தொண்டாற்றியவர்.

6. ஆனால் அதன்பின் நடந்ததை ஏற்க முடியவில்லை. ரஹீமா பீவிக்கு நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி, மீதி இரண்டு தட்டுகளுக்கும் பூஜ்யம் போட்டார்கள். பொறுப்பாளர் மட்டுமே இடக்கூடிய கட்டளையை அவர் இட்டதாகக் கூறி மேலும் புள்ளிகளைக் குறைத்தார்கள். ஆபத்தைக் கண்டால் யார் வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம் என்று அன்று காலையில்தான் எங்கள் அனைவரையும் நிற்கவைத்துச் சொன்னார்கள். அடுத்துச் சுட்ட எனக்கு அதே நிலையில் முழு நேரமும் தரப்பட்டது. நான்கு தட்டுகளை வீழ்த்தினேன். முதலிடம் இப்படித்தான் எனக்கு வந்தது.

7. ரஹீமா பீவியை மனு கொடுக்கச் சொன்னேன். "விடுங்கக்கா, அந்த ஆளு நடந்து போனாருல்ல, அது போதும்" என்று மறுத்துவிட்டார். ஆகவே நான் எழுதுகிறேன். ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் சத்தமிட்டபோது நானும் அதே திசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தட்டு தெரிந்தது. ஆள் தெரியவில்லை. எங்கள் சுடும் வரிசை மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணாமல் அந்தக் கோப்பையை வீட்டில் வைத்திருக்க முடியவில்லை. நேற்று அதை மன்ற அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டேன்.

8. இதற்கிடையில், அத்துமீறி நுழைந்து போட்டிக்கு இடையூறு செய்ததாகத் திரு. மாயாண்டி மீது மன்றம் அவருடைய கம்பெனிக்குப் புகார் அனுப்பியிருக்கிறது. 19ஆம் தேதி நானும் ரஹீமா பீவியும் கேம்புக்குச் சென்று அவரைப் பார்த்தோம். டியூட்டிக்கு அனுப்பாமல் ரூமிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்களாம். ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று கேட்டார். மன்றத்துக்கு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கொடியை நிமிர்த்தி வைக்கத் தவறியது நாம். தண்டனை அவருக்குப் போயிருக்கிறது.

ஆகவே, மன்றத்தின் புகாரை உடனே திரும்பப் பெற்று, தவறு நம்முடையதே என்று அந்தக் கம்பெனிக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறு முதற்கண் கேட்டுக்கொள்கிறேன். இது ஒரு நாள்கூடத் தாமதிக்கத் தக்கதன்று.

அடுத்து, ரஹீமா பீவியின் தண்டனைப் புள்ளிகளை நீக்கி, மீதமிருந்த இரண்டு தட்டுகளையும் அதே நிலையிலிருந்து சுட அவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும். இரண்டையும் அவர் தவறவிட்டு, அதன் பிறகும் நான் முன்னிலையில் இருந்தால் கோப்பையை மகிழ்ச்சியுடன் வாங்கிக்கொள்வேன்.

பிப்ரவரியில் மீண்டும் போட்டி வருகிறது. மேட்டின் இருபுறமும் ஆட்களை நிறுத்தாமல் அதைத் தொடங்க வேண்டாம். அன்றைக்கு மலைமேல் யாராவது தெரிந்தால், கத்தினால் புள்ளி போகுமே என்று எங்களில் ஒருவர்கூட ஒரு நொடி தயங்கும் நிலை வரக்கூடாது ஐயா.

குழுவின் முடிவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
தாமரை ரவிசங்கர்

இடம்: ஷார்ஜா
நாள்: 21.01.2025