அட்டையில் விழுந்த கறை

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மழைக்கோட்டு ஜிப் மாற்ற வேண்டும்.

மாலை, செய்தி சேகரிக்க ஒரு பனியன் கம்பெனி வாசல். விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண்கள் அத்தனை பேர் வீட்டுக்கும் ஒரே குறுஞ்செய்தி: ‘தங்கள் மகள் காலமானார். ஆழ்ந்த இரங்கல்.’ மகள்களோ என் எதிரே நின்று போனில் கத்துகிறார்கள்.

"எம்மா, நாந்தாம்மா பேசுதேன். பேயி இல்ல. அழாத, தண்ணி குடி."

பக்கத்தில் ஒருத்தி: "ஏட்டி, செத்தவளுக்கு நாளைக்கு லீவு உண்டான்னு சூப்பர்வைசர்ட்ட கேளு." சிரித்துக்கொண்டே அவளும் வீட்டு நம்பரை அழுத்தினாள்.

ஒரு வீட்டுக்கு மட்டும் அது உண்மை. இசக்கியம்மாள், தையல் பிரிவு, தென்காசிப் பக்கம். காய்ச்சல். மதியம் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள். அப்பா பஸ் ஏறிவிட்டாராம்.

நவம்பர் 5, புதன்

மழை இல்லை. பெண்களின் வீடுகளுக்குத் தானாகச் செய்தி அனுப்பும் மென்பொருளைக் கம்பெனிக்கு எழுதிய கவினை (இனி க.) அங்கேயே டீக்கடையில் பிடித்தேன். தூங்காத கண்கள்.

"பேட்டர்ன் அட்டை பாத்திருப்பீங்கல்ல சார்? புரோகிராம்ல கிளாஸ்னு சொல்றது அதுதானுங்க. அத வெச்சு வெட்டுற ஒவ்வொரு பனியனும் ஆப்ஜெக்ட். இங்க ஒவ்வொரு புள்ளையும் ஒரு ஆப்ஜெக்டுங்க. பேரு, ஊரு எல்லாம் தனித்தனி. உசுரோட இருக்காங்களாங்கறதும் தனியா இருக்கோணும். நான் அத அட்டையிலயே வெச்சுப்போட்டனுங்க. ஒருத்திக்கு மாத்துனேன், அத்தன பேருக்கும் மாறிருச்சு."

பனியனில் பட வேண்டிய கறை அட்டையில். அவ்வளவுதான். அவ்வளவேதானா?

"இப்போது?"

"விடியறப்பவே மாத்திட்டனுங்க. ‘முந்தைய செய்தி தவறு, தங்கள் மகள் நலம்’னு போயிருச்சு."

"யாருக்கெல்லாம்?"

"எல்லாத்துக்குமுங்க." டம்ளரைக் கீழே வைத்தான். முகம் வெளுத்துவிட்டது. "அவசரத்துல... அதையும் அட்டையிலயேதானுங்க மாத்துனேன்."

நவம்பர் 6, வியாழன்

நேற்று மேலே எழுத முடியவில்லை. 

நேற்று டீக்கடையிலிருந்து நேரே கம்பெனி வாசலுக்கு ஓடினோம். இசக்கியம்மாளின் அப்பா அப்போதுதான் வந்திருந்தார். பை நிறைய ஆரஞ்சு. வாட்ச்மேனிடம் சிரிப்பும் கண்ணீருமாகப் பேச்சு.

"ராத்திரி முழுக்க அழுதுட்டே வந்தேன்யா. தாராபுரம் தாண்டயில அடுத்த சேதி. பக்கத்து சீட்டுக்காரரு வாசிச்சுச் சொன்னாரு. எம்புள்ள எந்த ரூம்ல இருக்கா?"

வாட்ச்மேன் தலை குனிந்து க.வைக் காட்டினான். "இவருதானுங்க சேதி அனுப்பறவரு."

க. கிட்டே போனான். "சாமி..." 

அவர் பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"நல்லா இருங்க தம்பி."