ப-7 எந்தக் குடி

நவ. 11, செவ்வாய்

விடியமுதல் மழை. கரண்ட் இல்லை. ஆய்வின் மூன்றாம் அத்தியாயம்: தரவு வகைகள். முதலாம் நிலை: நேர்காணல், நேரில் பார்த்தது. இரண்டாம் நிலை: பள்ளிவாசல் பதிவு, அரசாங்கக் கந்தோரின் சுனாமி இழப்புப் பதிவு.

எங்கள் வீட்டுப் பின் ஒழுங்கையில் இருக்கும் லாத்தாவிடம், அக்கா முறை, இரண்டும் முட்டுகின்றன. பதிவில்: சீதன நகை முழுதும் கடலில். லாத்தா சொன்னது: "கடல் கொண்டு போகல்ல புள்ள. மகளுக்கெண்டு தங்கச்சிட வீட்ட வெச்சிரிக்கன். மனிசனுக்குத் தெரிஞ்சா அண்டைக்கே வித்துத் தோணி வாங்கிருவார். அடியும் விழும். ஒருத்தருக்கும் செல்லிப்போடாத."

தங்கச்சி இருப்பது மாவடிப்பள்ளியில். அதை எழுதவில்லை. பெயர், வயது, வீட்டிலக்கம் நீக்கம். லாத்தா இனி பங்கேற்பாளர் 7, சுருக்கமாக ப-7. பேச்சு அப்படியே. ஆய்வை மேற்பார்க்கும் சேருக்கு அனுப்பியாயிற்று.

உம்மாவுக்குப் பிரஷர் குளிசை வாங்க வேண்டும்.

நவ. 14, வெள்ளி

வெயில். சேர் என் அத்தியாயச் சுருக்கத்தைக் கம்பஸ் பேஸ்புக் பக்கத்தில் போட்டிருக்கிறார். ஜும்ஆ முடிவதற்குள் ஊர் வாட்ஸ்அப் குழுவிலும். பெருமையாக உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ப-7 வந்ததும் நிறுத்தினா.

"இது பின் ஒழுங்கைப் புள்ளயெல்லோ?"

"பேர் இல்லையே உம்மா."

"ஒழுங்கையும் குடியும் போட்டிரிக்கே. அந்தக் குடியில அங்க வேற ஆரு?"

யாரைக் கண்டாலும் முதலில் எந்தக் குடி, எந்தத் தாய்வழி என்று கேட்கும் ஊர். இங்கே பிறந்து வளர்ந்த நான் பெயரை மறைத்துக் குடியை விட்டிருக்கிறேன். மடைச்சி.

சேருக்குப் போன். "பேர் இல்லையே, ஏன் பயப்படுறீங்க?" வெளியூர்க்காரர், அவருக்குக் குடி அட்டவணையில் ஒரு நிரல். கெஞ்சினேன், எடுத்தார். குழுவில் இருப்பதை யார் எடுப்பது?

நவ. 15, சனி

தூக்கமே இல்லை. லாத்தாவிடம் சொல்லிவிடப் போனேன். வாசலில் அவர் புருஷன், கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு.

"வாங்க தங்கச்சி. நீங்க என்னவோ எழுதியிரிக்காம். என்ட கண்ணாடி உடைஞ்சி போச்சி, இன்னம் வாசிக்கல்ல."

சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. லாத்தா தேத்தண்ணி தந்தா. அவர் இடத்தை விட்டு அசையவில்லை. குடித்துவிட்டுச் சொல்லாமலே வந்துவிட்டேன். பயமாக இருக்கிறது.

நவ. 16, ஞாயிறு

மறுபடி மழை. லாத்தாவின் போன் ஓஃப். மறுபடியும் ஓஃப். யா அல்லாஹ்.

மீன் வாங்கப் போன உம்மா வெறுங்கையோடு வந்தா.

"பின் ஒழுங்கை லாத்தாட மனிசன் ஆர்ட்டயோ கண்ணாடி வாங்கிப் போட்டிரிக்கார். லாத்தாவ பைக்ல ஏத்திக்கிட்டுப் போறார், இந்த மழைக்குள்ள. எங்க எண்டு கேட்டன். மாவடிப்பள்ளிக்காம், மச்சினியப் பாக்க."