பதினைந்து லிட்டர் சாதா பெட்ரோல்

ஏனுங்க,

இன்றைக்குக் காலையில் உங்கள் காரின் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்தேன். நீங்கள் போன பிறகு அதை யாரும் தொடவில்லை. உள்ளே கிடந்த பெட்ரோல் கெட்டுப்போய், பழைய பெயிண்ட் டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு புளித்த வாடை அடித்தது. ரப்பர் குழாயைப் போட்டு அத்தனையையும் கேனில் இறக்கினேன். "என்ற பொண்டாட்டி மோந்து பாத்தே பெட்ரோல் ரகம் சொல்லுவா" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வீர்கள். பச்சைப் பொய். எனக்கு எல்லாப் பெட்ரோலும் ஒரே வாடைதான். நம் வீட்டில் பொய் சொல்கிற ஆள் நீங்கள்தான் என்று அப்போதெல்லாம் உங்களைக் கேலி செய்வேன்.

வண்டியை விற்றுவிடலாம் என்று நம் பாப்பா சொல்லிவிட்டாள். பெங்களூரில் அவள் வீட்டில் நிறுத்த இடமில்லை. எனக்கும் அதை ஓட்டிக்கொண்டு போக ஊரில் ஒரு இடமும் பாக்கியில்லை.

கோயம்புத்தூரிலிருந்து அந்தப் பழைய வெளிநாட்டுக் காரை நீங்கள் ஓட்டி வந்த அன்று நான் எப்படிக் கத்தினேன் என்பது தெருவுக்கே தெரியும். சூப்பர்சார்ஜர் வைத்த காராம். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். திருச்செங்கோட்டில் போர் போடுகிற ரிக் வண்டிக் கம்ப்ரசர்களைப் பிரித்து மாட்டுகிற உங்களுக்கு அதைச் சொல்லித்தர ஒரு நிமிஷம் போதும். "நம்ம போர் வண்டில இருக்குதே, அந்தக் கம்ப்ரசருக்குக் குட்டித் தம்பி. காத்த அமுக்கி இஞ்சினுக்குள்ள தள்ளும். காத்து நெறையப் போனா பெட்ரோலும் நெறைய எரியும். அவ்வளவுதாம் புள்ள" என்றீர்கள். அந்த அவ்வளவுதானுக்குள் நம் ஆறு மாதம் போயிற்று.

எனக்கு அதில் ருசி வந்தது என்று வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் வந்தது. ஆட்டையாம்பட்டியில் தறிச் சத்தத்துக்குள் பிறந்து வளர்ந்தவள் நான். நாலு தறி ஓடும்போது எது இடறுகிறது என்று அடுத்த அறையிலிருந்தே சொல்கிற காது எனக்கு. அந்தக் காதை நீங்கள் வேலைக்கு வைத்துக்கொண்டீர்கள். திறப்பு விழாவுக்காகக் காத்துக் கிடந்த புது பைபாஸில், விடிந்தும் விடியாமல், நீங்கள் ஓட்ட, பக்கத்து சீட்டில், இஞ்சினோடு ஒயரில் இணைத்த லேப்டாப்பை மடிமேல் வைத்துக்கொண்டு நான். திரையில் ஓடும் எண்களைச் சத்தமாகப் படிக்க வேண்டும். இஞ்சினில் கொஞ்சம் தட்டல் கேட்டாலும் "நிறுத்துங்க" என்று சொல்ல வேண்டும். நீங்கள் உடனே காலை எடுத்துவிடுவீர்கள். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் என் பேச்சை மறு கேள்வி இல்லாமல் நீங்கள் கேட்ட ஒரே இடம் அந்த சீட்தான்.

பெட்ரோல் விஷயமும் அங்கேதான் படித்தேன். அமுக்கிய காற்று சூடாகும். அந்தச் சூட்டில் சாதா பெட்ரோல் பிளக்கின் பொறிக்குக் காத்திருக்காமல் தானாகவே பற்றிக்கொள்ளும். அதுதான் தட்டல். நூறு ஆக்டேன் என்று விற்கிற ஒசத்தி பெட்ரோல் அப்படி அவசரப்படாது. "ஒசத்தின்னா வேகம் அதிகம்னு நெனைக்காத. பொறும அதிகம். நம்ம வண்டிக்கு அந்தப் பொறுமதான் வேணும். அது இருந்தா பொறி விழற டைமிங்க முன்னால தள்ளலாம். பவரு அதுலதான் வருது" என்பீர்கள். சாதாரணக் காருக்கு அதை ஊற்றுவது வெட்டிச் செலவு என்றும் சொல்வீர்கள். அதனால் இஞ்சினுக்கு ஏற்றும் டைமிங் கணக்கை லேப்டாப்பில் இரண்டு ஃபைலாக வைத்திருந்தீர்கள். ஒசத்தி பெட்ரோலுக்கு ஒன்று, சாதாவுக்கு ஒன்று. எந்தப் பெட்ரோல் போட்டோம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஃபைலை மாற்ற ஐந்து நிமிஷம். சூப்பர்சார்ஜர் போடும் இரைச்சலையே தட்டல் என்று நினைத்துக்கொண்டு, தட்டலைக் கண்டுபிடிக்கிற சென்சார் குழம்புகிறது என்று, அதை நிறுத்தி வைத்திருந்தீர்கள். அதற்குப் பதிலாக என் காது இருந்ததே.

இனி நான் சொல்ல வேண்டியது வருகிறது. சுற்றி வளைத்துக்கொண்டே இருக்கிறேன், தெரிகிறது.

உங்கள் கூட்டாளி தங்கராசண்ணனும் நீங்களும் சங்ககிரி ரோட்டில் ஒரு ஷெட் பார்த்து வைத்திருந்தீர்கள். கார்களுக்கு டியூனிங் செய்கிற பட்டறை. ரிக் கம்பெனி முதலாளியிடம் வேலையை விடப்போவதாகவும் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை. பாப்பா அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தாள். "இருக்கற வேலைய உட்டுப்போட்டு இதென்னுங்க விளையாட்டு" என்று தினமும் நச்சரித்தேன். நீங்கள் சிரித்துக்கொண்டே போய்விடுவீர்கள்.

அந்த வாரம் என் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு சேலம் போனேன். நீங்கள்தான் காரை எடுத்துப் போகச் சொன்னீர்கள். திரும்பும்போது வழக்கமான பங்க்கில் நிறுத்தினால், அங்கே பெட்ரோல் போடும் பெண், "ஒசத்தி தீந்துபோச்சுங்க, நாளைக்குத்தான் லோடு வரும்" என்றாள். டேங்க் காலி. கண்ணில் கட்டோடு அம்மா பின் சீட்டில். பதினைந்து லிட்டர் சாதா போட்டுக்கொண்டு மெதுவாக ஓட்டி வந்தேன். வீட்டுக்கு வந்ததும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் வந்தேன்.

வீட்டில் பரமத்தி வேலூரிலிருந்து அக்காவும் மாமாவும் ஒரு வாழைத்தாரோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்திருந்தது. பேச்சும் சமையலுமாக இரவு போய்விட்டது. மறுநாள் காலையில், முதல் வாடிக்கையாளருக்குக் காட்ட நாலு ஓட்டம் ஓடிப் பதிவு செய்ய வேண்டும் என்று, என் இடத்தில் தங்கராசண்ணனை உட்கார வைத்துக்கொண்டு நீங்கள் கிளம்பினீர்கள். கேட்டைத் தாண்டி வண்டிச் சத்தம் போகிறபோது நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன் அடித்தேன். நீங்கள் எடுக்கவில்லை. அக்கா காபி கேட்டாள், போட்டுக் கொடுத்தேன். ஒரே ஒரு தடவைதான் அடித்தேன். இரண்டாவது தடவை ஏன் அடிக்கவில்லை என்று இன்றைக்கு வரைக்கும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவது ஓட்டத்தில் பிஸ்டன் உருகி ஓட்டை விழுந்துவிட்டது. லாரி ஒன்றில் கட்டி இழுத்து வந்தீர்கள். வாசலில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். சட்டையெல்லாம் எண்ணெயாக, என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்.

"ஒசத்திதான போட்ட?"

உங்கள் முகத்தில் கோபம் இல்லை. சும்மா சரிபார்க்கக் கேட்டீர்கள். ஆனால் அத்தனை பேர் என்னைப் பார்த்தார்கள். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஆமாங்க."

தங்கராசண்ணன், "பங்க்குல கலப்படமா இருக்குமோடா?" என்று இழுத்தார். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். "ஆறு மாசமா அங்கதான் போடறம். ஒரு நாளும் தப்பு வந்ததில்ல. டைமிங் அதிகமா வெச்சுட்டன். தப்பு என்னுதுதான்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள்.

அன்று ராத்திரியே சொல்லிவிடலாம் என்று இருந்தேன். நீங்கள் படுக்கையில் உட்கார்ந்து, "அடுத்தவன் வண்டியா இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்? எனக்கு இது ஆவாது புள்ள. ஷெட்டு வேண்டாம்னு சொல்லிரலாம். மொதலாளிகிட்டப் பேசிப் பாக்கறேன்" என்றீர்கள். அதைக் கேட்டதும் எனக்கு என்ன வந்தது தெரியுமா? நிம்மதி. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பயத்தில் சொன்ன பொய்யை அந்த நிமிஷத்தில் நான் தெரிந்தே கட்டிக் காப்பாற்றினேன். இதைத்தான் இத்தனை நாள் எனக்கு நானே கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

அதன் பிறகு இஞ்சினைச் செய்து மாட்டினீர்கள். சூப்பர்சார்ஜரின் காற்றழுத்தத்தைக் குறைத்து, சாதா ஃபைலை மட்டும் ஏற்றினீர்கள். மற்றதை அழித்துவிட்டீர்கள். கரூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் ஆட்கள் தேடி வந்து டியூனிங் செய்து தரச் சொல்லிக் கேட்டார்கள். "அந்தக் கை எனக்கு இல்லீங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்பினீர்கள். அவர்களுக்கு டீ கொடுத்தவள் நான்தான். போகப் போக ரிக் வேலையிலும் உங்களுக்குச் சந்தேகம் வந்தது. பூட்டிய போல்ட்டையே திரும்பப் போய்ப் பார்ப்பீர்களாம். வீட்டில் கேஸ் சிலிண்டர் மாட்டினால்கூட, "செரியா இருக்குதா பாரு" என்று என்னைக் கூப்பிடுவீர்கள்.

பாப்பாவின் பட்டமளிப்பு முடிந்து திரும்பும்போது அதே பங்க்கில் நின்றோம். அதே பெண், "ஒசத்திங்களா?" என்றாள். "சாதாவே போடுங்க, இவளுக்கு அது போதும்" என்று காரின் கூரையைத் தட்டினீர்கள். சொல்லிவிடலாம் என்று உங்கள் கையைப் பிடித்தேன். "என்ன, பசிக்குதா?" என்றீர்கள். ஆமாம் என்றேன். பார்த்தீர்களா, திரும்பவும் ஆமாம்தான்.

போன வருஷம் ரிக் யார்டில், நடு மத்தியானம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும், "தன்ற தப்பத் தானே ஒத்துக்கற மனுசன், அவராட்டம் ஆருங்க இருக்கறாங்க" என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொருவர் சொல்லும்போதும் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

இன்று மத்தியானம் எடப்பாடியிலிருந்து ஒருவரைத் தங்கராசண்ணன் அழைத்து வந்தார், காரைப் பார்க்க. வந்தவர் பானட்டைத் திறந்துவிட்டு, "ஒருக்கா இஞ்சின் போச்சாமுங்க? டியூனிங்ல கோளாறுன்னு சொன்னாங்க" என்றார். யார் சொன்னார்கள், ஊரே சொன்னது. நீங்களே சொன்னது.

"டியூனிங்ல ஒரு கோளாறும் இல்லீங்க" என்றேன். "நாந்தான் சாதாவப் போட்டுட்டு, ஒசத்தின்னு அவருகிட்டப் பொய் சொல்லிட்டனுங்க."

எத்தனையோ தடவை எனக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு. முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம் இவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. அவர் முகம் மலர்ந்து, "அவ்வளவுதானுங்களா? அப்ப நல்ல வண்டிதான்" என்று பானட்டை மூடினார். வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தங்கராசண்ணன் மட்டும் போகவில்லை. அந்த ஷெட் அவருடைய ஆசையும்தானே. திட்டுவார் என்று காத்திருந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு, "அவங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அம்மிணி" என்றார்.

உங்கள் கணக்கு சரிங்க. டைமிங் சரி, ஃபைல் சரி, கை சரி. ஒன்றிலும் தப்பில்லை. இதை எழுதினால் மனசு லேசாகும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். ஆகவில்லை. ஏனென்றால் அதற்குப் பிறகு நீங்கள் இருந்த ஆறு வருஷமும் சாயங்காலம் ஆறரைக்கு நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். முகம் கழுவிக்கொண்டு சமையல் மேடையில் சாய்ந்து நின்று, நான் வெங்காயம் நறுக்கி முடிக்கும்வரை ஊர்க்கதை சொல்வீர்கள். பட்டறை இருந்திருந்தால் அந்த நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. உங்களுக்குள் என்ன உடைந்துபோனது என்று தெரிந்துகொண்டே, நான் அந்தச் சாயங்காலங்களில் சந்தோஷமாக இருந்தேன். இப்போது நீங்கள் அந்த வாசலில் வந்து நின்று, "ஒசத்திதான போட்ட?" என்று இன்னொரு தடவை கேட்டால், உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று சத்தியம் செய்ய எனக்கு வாய் வரவில்லை.