நகராத சீட்

பிப்ரவரி 9, ஞாயிறு

என்ஜின் பேசிவிட்டது. மூன்று தடவை இருமி, கறுப்பாகப் புகை கக்கி, நாலாவது தடவை நின்று நிதானமாகப் பேசியது. பெட்ரோல் டாங்குக்குள் கூழாங்கல்லைப் போட்டு உருட்டி உருட்டித் துரு எடுத்ததற்கும், கார்புரேட்டரைப் பல் தேய்க்கிற பிரஷால் கழுவியதற்கும் இதுதான் கூலி. நானும் அம்மாவும் ஷெட்டுக்குள் பைத்தியங்கள் மாதிரி சிரித்தோம்.

வண்டி அம்மாவுடையது. இதை எழுதியே வைக்கிறேன், ஏனென்றால் வீட்டில் எல்லோருக்கும் இது “அப்பா கார்”. அம்மாவுக்கு அவளுடைய அப்பா ஓட்டக் கற்றுக்கொடுத்து, அவள் பெயருக்கே மாற்றிக் கொடுத்த கார். லைசென்ஸ் எடுத்தவள் அம்மா. ஆனால் எனக்கு விவரம் தெரிந்த நாளாக ஓட்டியது அப்பா மட்டும்தான். அவருக்குக் கண் மங்கிய பிறகு யாரும் ஓட்டவில்லை, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டோம். அம்மா ஏன் ஓட்டவில்லை? கால் எட்டாது. அவ்வளவுதான் பதில்.

சத்தம் கேட்டு அப்பா வந்து நின்றார். “பரவால்லையே, கெளம்பிருச்சே! இனிமே குட்டைக்கால் மகாராணி ஊர்வலம் போக வேண்டியதுதான்.”

பழைய ஜோக். அம்மாவும் சிரித்தாள். நானும்தான்.

பிப்ரவரி 11

தான் தைத்த பள்ளிச் சீருடை மூட்டை இரண்டையும் தூக்கிக்கொண்டு அம்மா கடைக்குப் போகக் கிளம்பினாள். பஸ்ஸில் இடமில்லை என்று பாதியில் இறக்கிவிட்டான் கண்டக்டர். டிரைவர் பக்கத்தில் அவனுடைய சிநேகிதன் கால் நீட்டி உட்கார இடம் இருந்ததாம். மிச்ச தூரம் நடை.

எப்படியாவது அம்மா இந்த வண்டியை ஓட்டியாக வேண்டும். வேறு எதற்காக நான் கையெல்லாம் கிரீஸாக அலைகிறேன்?

பிப்ரவரி 16, ஞாயிறு

சிக்கல் சீட்டில்தான்.

டிரைவர் சீட்டுக்கு அடியில் பல் வைத்த இரும்பு ரெயில் இரண்டு. பக்கத்தில் ஒரு பிடி. அதைத் தூக்கினால் சீட் முன்னும் பின்னும் நகர வேண்டும். இதில் நகராது. வெல்டு வைத்துக் கடைசிப் பல்லில், ஒட்டடைக்குச்சி மாதிரி வளர்ந்த அப்பாவின் காலுக்குச் சரியாக, இறுக்கியிருக்கிறது. நான் உட்கார்ந்து பார்த்தேன். பிரேக்கைத் தொட வேண்டுமென்றால் சரிந்து பாதி படுக்க வேண்டும்.

“பல்லு ஒடைஞ்சு போச்சும்மா” என்றார் அப்பா. “பிரேக் போட்டா சீட்டு வழுக்கும். உயிருக்கு ஆபத்து. அதான் அப்பவே வெல்டு வச்சேன். அந்த ரெயிலெல்லாம் இப்ப கெடைக்காது. தலைகீழா நின்னாலும் கெடைக்காது.”

அம்மா ஒருமுறை முதுகுக்குத் தலையணை வைத்து ஓட்டிப் பார்த்திருக்கிறாள். தலையணை நழுவி, வண்டி கேட்டுத் தூணில் முட்டியது. தூணில் இன்னும் தழும்பு இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அப்பா அதைக் காட்டுவார்.

கிடைக்காதா? பார்த்துவிடலாம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

பழைய இரும்புக்கடை. மலை மலையாகக் கதவுகள், பம்பர்கள். நான் கையில் ரெயிலின் படத்தை வைத்துக்கொண்டு நிற்கிறேன், கடைக்காரர் என் தலைக்கு மேலே எட்டிப் பார்க்கிறார்.

“கூட யாரும் வரலியாம்மா?”

“வந்திருக்காங்க. எங்கம்மா.”

“இல்ல… வண்டி வெவரம் தெரிஞ்சவங்க.”

அம்மா பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். “வண்டியே என்னுதுதாங்க.”

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. “சீட்டு நகரலேன்னா என்ன இப்போ? ஓட்டுறவருக்குத் தோதா இருக்குல்ல?”

ஓட்டுறவரு! யாருய்யா அந்த ஓட்டுறவரு? வாயில் வந்துவிட்டது. அம்மா முழங்கையால் இடித்தாள்.

இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கினோம். எல்லா இடத்திலும் இதே பாட்டு.

மார்ச் 2, ஞாயிறு

ரெயில் இருக்கிறது. ஒரு ஜோடி. ஒரு பணக்காரர் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது!

பழைய கார் பிரியர்களின் குழுவில் தேடிப் பிடித்த ஆள். எதைத் தொட்டாலும் வெள்ளைக் கையுறை போட்டுக்கொள்கிறார், அதனால் எங்களுக்கு அவர் வெள்ளைக் கையுறை. அவருடைய கொட்டகையில் வரிசையாகக் கார்கள், பவுடர் போட்ட மாப்பிள்ளைகள் மாதிரி. ஒன்றும் தெருவைப் பார்த்ததில்லை. நம் வண்டியின் ஜாதியில் மட்டும் மூன்று வைத்திருக்கிறார், அது போக உதிரி பாகங்கள் சுவர் முழுக்க. ஒருத்தி மூட்டை சுமந்து நடக்கிறாள், அவளுக்கு வேண்டிய இரும்பு இங்கே ஆணியில் தொங்கி அழகு காட்டிக்கொண்டிருக்கிறது. இதற்குப் பெயர் பாரம்பரியத்தைக் காப்பாற்றுவதாம்.

“விக்கிறதில்ல” என்றார். “மாத்துறதுன்னா யோசிக்கலாம். உங்க வண்டியில ஹாரன் வளையம் ஒரிஜினலா?”

ஸ்டியரிங்குக்குள் பிறை மாதிரி இருக்கும் வெள்ளி நிற வளையம். எங்கே அழுத்தினாலும் ஹாரன் அடிக்கும். வண்டியிலேயே துரு ஏறாத ஒரே பொருள் அதுதான். சின்ன வயதில் அம்மா அதை அழுத்திக்கொண்டே இருப்பாளாம், அவளுடைய அப்பா காதைப் பொத்திக்கொள்வாராம்.

அம்மாவிடம் கேட்கவே எனக்கு வாய் வரவில்லை. அவளே சொன்னாள்:

“குடுத்துரு. ஹாரன் இல்லாட்டி என்ன, வாய் இருக்கு.”

மார்ச் 9, ஞாயிறு

மாற்றியாயிற்று. வளையத்தை வெல்வெட் துணியில் வாங்கிக்கொண்டார். ரெயிலைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.

வீட்டில் அப்பா ரெயிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாராட்டுவார் என்று நினைத்தேன். “பழைய வெல்டைத் தொடாதே” என்றார். “அடித்தகடு பிஞ்சிரும். அப்புறம் வண்டியே போச்சு.”

“தொடாம எப்படிப்பா புதுசை மாட்டுறது?”

“அதான் சொல்றேன், விட்டுரு.”

இத்தனை அலைந்த பிறகு விட்டுருவாம்!

மார்ச் 16, ஞாயிறு

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் பேட்டரியைக் கழற்றினேன். டாங்கை இறக்கி முற்றத்துக்குக் கொண்டுபோனேன். சீட்டு மேல் ஈரச்சாக்கு. இரும்பு அறுக்க வாடகைக்கு எடுத்த கிரைண்டர். அம்மா பொறிக்குப் பயந்து அப்பாவின் பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு டார்ச் பிடித்தாள். வெல்டு மொத்தமே நாலு பொட்டுத்தான், கட்டைவிரல் அகலம். அரைத்துத் தள்ளினேன். தகடு பிய்யவில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, சுத்தியலால் லேசாகத் தட்டினேன். பழைய ரெயிலைக் கழற்ற வசதியாக இருக்கட்டும் என்று பிடியைத் தூக்கினேன்.

டக்.

சீட் முன்னால் வந்தது.

நான் தரையில் படுத்துப் பார்த்தேன். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். ஒரு பல் உடைந்திருக்க வேண்டுமே? ஒன்றுகூட இல்லை. அத்தனை பல்லும் முழுசு. வெள்ளைக் கையுறை கொடுத்ததைவிட நல்ல ரெயில்.

அம்மா ஏறி உட்கார்ந்தாள். பிடியைத் தூக்கி முன்னால் வந்தாள், பின்னால் போனாள். டக், டக், டக். பிரேக்கில் கால் வைத்தாள். முழுசாக எட்டியது. முழங்கால் கொஞ்சம் மடங்கக்கூட மடங்கியது.

பிறகு இறங்கி, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்து, இடுப்பிலிருந்து குதிகால் வரை தன் காலை அளந்தாள். என்னை நிற்கச் சொல்லி அளந்தாள். இரண்டும் ஒன்று.

“தைக்க வர்ற பொம்பளைங்க எல்லாருக்கும் ஏறக்குறைய இதே அளவுதாண்டி” என்றாள்.

இந்தத் தெருவில் பாதிப் பேரின் காலை அளந்த கை அது. தன் காலின் அளவை மட்டும் அப்பா வாயிலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது! நான் மட்டும் என்ன ஒழுங்கு? நானும்தானே சிரித்தேன்.

அப்பாவிடம் போனேன்.

“ஒரு பல்லுகூட ஒடையலப்பா.”

“அப்ப ஒடைஞ்ச மாதிரி இருந்துச்சும்மா. சீட்டு ஆடுச்சு…”

என் பின்னால் அம்மா வந்து நின்றது தெரியவில்லை. “ஆடலீங்க. எங்க அக்காவைப் பாக்க வண்டியில தனியாப் போயிட்டு இருட்டினப்புறம் வந்தேன் பாருங்க, அதுக்கு மறுநாள்தான் ஆட ஆரம்பிச்சுது.”

அப்பா கேட்டுப் பக்கம் திரும்பினார். “கேட்டுலயே நின்னேன் அன்னிக்கு. வண்டிச் சத்தம் கேக்குதா, கேக்குதான்னு. நீ திரும்பி வரவே மாட்டேன்னு தோணிருச்சு.”

பயமாம்! பயந்த மனுஷன் அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். வெல்டிங் கடைக்கு ஏன் போகணும்? போனதும் போச்சு, வருஷக்கணக்கா ‘குட்டைக்கால், குட்டைக்கால்’னு— அவ காலையே அவளுக்கு எதிரா சாட்சி சொல்ல வச்சுட்டாரே!

மார்ச் 17

அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. சாப்பாடு போட்டாள். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டாள். எனக்குத்தான் ஆத்திரமாக வருகிறது.

மார்ச் 20

ரெயிலைத் திருப்பிக் கொடுத்து ஹாரன் வளையத்தைக் கேட்டேன். “மாத்தினது மாத்தினதுதான்” என்றார் வெள்ளைக் கையுறை. வளையம் ஏற்கெனவே சுவருக்குப் போய்விட்டது.

அம்மாவிடம் சொன்னேன். “நல்லா தொங்கட்டும்” என்றாள். நேரில் நின்று ஒரு சாபம் விட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

மார்ச் 24, திங்கள்

ஒரு வாரமாக விடியலில் காலி மைதானத்தில் பழகினாள். கிளட்ச் இரண்டு தடவை இடறியது. அப்புறம் இல்லை. இன்று மூட்டை கொடுக்கும் நாள். அப்பாவுக்குக் கண் ஆஸ்பத்திரி நாளும்.

அப்பா சட்டையெல்லாம் மாற்றி வந்து, பழக்கத்தில் டிரைவர் பக்கக் கதவிலேயே கை வைத்தார். உள்ளே அம்மா இருந்தாள். சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் முன்கதவைத் திறந்தார்.

“அங்க மூட்டை இருக்கு” என்றாள் அம்மா. “பின்னாடி ஏறுங்க.”

என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் அவருடைய காலைப் பார்த்தேன். டிரைவர் சீட் நன்றாக முன்னால் போய்விட்டதால், அந்த நீளக் காலுக்குத் தாராளமாக இடம் இருந்தது.

கேட்டுத் தூணை ஒரு முழம் விட்டு வண்டி வெளியே வந்தது. தெருமுனையில் தண்ணீர் லாரியைக் குறுக்கே நிறுத்திவிட்டு டிரைவர் யாருடனோ கதை பேசிக்கொண்டிருந்தான். அம்மாவின் கட்டைவிரல் தன்னால் ஸ்டியரிங்குக்குள் போய் வளையத்தைத் தேடியது. இல்லை.

“ஓரமா ஒதுக்கு, காத்திருப்போம்” என்றார் அப்பா பின்னாலிருந்து.

அம்மா கண்ணாடியை இறக்கினாள். தலையை வெளியே நீட்டினாள். அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

“ஏம்ப்பா லாரி! வண்டி வர்றது கண்ணுக்குத் தெரியல? எடுப்பா ஓரமா!”