சுண்டுவிரல் வளைந்த காரணம்

என் ஆசைத் தங்கை ஸ்டெல்லாவுக்கு,

நீ ஆண்டவரிடம் போய் ஏழு மாதமாகிறது. நம் தெருச் செய்தி ஒன்றை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

போன வாரம் எதிர்வீட்டுச் சரசு, எரிகிற பம்ப் ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கையை வேகவைத்துக்கொண்டாள். தீப்பட்ட இடத்தில் மை ஊற்றினால் ஆறிவிடும் என்று தெருவே மைப்புட்டியோடு ஓடி வந்தது. "மையத் தூக்கிட்டு அங்கிட்டுப் போங்கப்பா!" என்று கத்திவிட்டு, அவள் கையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் பிடித்துக்கொண்டேன். எல்லாம் நீ சொல்லிக்கொடுத்ததுதான்.

நயா பைசா வந்த வருடம் என் வலது கை இதே மாதிரி வெந்தபோது, உன் அத்தான் வீட்டிலிருந்த மையையெல்லாம் கொட்டித்தானே ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார்? நர்ஸ் உடையில் வந்து பார்த்த நீ, "ஏக்கா, கை வெந்துச்சா, இல்ல பரீட்ச எழுதிட்டு வாரியா?" என்றாய். அந்த வலியிலும் சிரித்துவிட்டேன். மையைக் கழுவிவிட்டு நீ ஊதா மருந்தைப் பூசியதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் பூசுனதும் இம்புட்டுக் கலர்தானம்மா?" என்றார்.

நான் பூக்கட்டிப் பிழைப்பவள். விரல்கள் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வேன்? விரலுக்கு நடுவே துணி வைத்து, கையைப் பலகையில் விரித்துக் கட்டினாய். "நாப்பது நாளைக்கு இத அவுத்தே, அக்கான்னு பாக்க மாட்டேன்" என்றாய்.

நான்கு விரல்கள் நேராயின. சுண்டுவிரல் மட்டும் வளைந்து நின்றது. "நான் கட்டுனது சரியில்ல போலக்கா" என்று எத்தனை முறை அந்த விரலைத் தடவியிருப்பாய்!

ஸ்டெல்லா, நீ கட்டியதில் ஒரு குறையும் இல்லை. தை மாதக் கல்யாண மாலைகளுக்கு ஆசைப்பட்டு, கடைசிப் பத்து நாள் நான்தான் கட்டை அவிழ்த்தேன். இடைஞ்சலாக இருந்த சுண்டுவிரலை மடக்கிக்கொண்டு நிலக்கோட்டை மல்லிகையைக் கட்டினேன். வாசலில் உன் குரல் கேட்டால் உன் அத்தான் அவசர அவசரமாகத் திரும்பக் கட்டிவிடுவார். நீ திட்டுவாய் என்று பயந்தே, உன்னை நீயே திட்டிக்கொள்ள விட்டுவிட்டேன். மன்னிப்பாயா?

சரசுவிடம் நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அப்ப நான் அவுக்க மாட்டேன்க்கா" என்கிறாள். அவளும் என்னைப் போல ஒரு கள்ளிதான், நம்ப முடியாது. நீ பழக்கிவிட்ட சின்ன நர்ஸ்தான் கட்டியிருக்கிறாள், அச்சு அசல் உன் கட்டு. நாற்பது நாளும் பக்கத்தில் உட்கார்ந்து காவல் காப்பேன், இது சத்தியம். சரசுவின் ஐந்து விரலும் நேராக நீளும்போது, உன் கட்டு எப்படிப்பட்டது என்று ஊர் பார்க்கட்டும்.

உன்னிடம் திட்டு வாங்காமலே தப்பித்துவிட்ட அக்கா,
மரியம்மாள்